டெலிடெக்ஸ்ட் மூடப்பட்டது: வானிலைத் தகவலுக்கு உங்களிடம் எத்தனை வழி?

சொர்ணவாரி அறுவடை நேரத்தில் புரட்டாசி மழை, சம்பா பூக்கும் நேரத்தில் கார்த்திகைப் புயல், நவரைக்கு நாற்று விட்டதும் மார்கழி மழை. செங்கல்பட்டு மாவட்டத்தில் நெல் வைப்பவர்களுக்கு மூன்று பட்டத்திலும் ஒரே கேள்விதான்: அடுத்த ஐந்து நாளில் மழை உண்டா, இல்லையா? இதற்கு நீங்கள் எங்கே பதில் தேடுகிறீர்கள்? செல்போனிலா, டிவியிலா, பக்கத்து வயல்காரரிடமா? நீங்கள் நம்பியிருக்கும் அந்த ஒரு வழி நாளைக் காலையில் இல்லாமல் போனால் என்ன செய்வீர்கள்?

இப்படி நடக்குமா என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுவதும் கோடிக்கணக்கான வீடுகளில் வானிலையும் விலைவாசியும் சொல்லிக்கொண்டிருந்த டெலிடெக்ஸ்ட் சேவை நாடு நாடாக மூடப்பட்டு வருகிறது. நம் நாட்டில் விவசாயிகளுக்கு மாவட்ட அளவில் வானிலை அறிவுரை தந்த பிரிவுகளும் 2024-ம் ஆண்டின் தொடக்கத்தில் மூடப்பட்டன. இந்த இரண்டிலும் நமக்குப் பாடம் இருக்கிறது.

டிவிக்குள் ஒரு கரும்பலகை

டெலிடெக்ஸ்ட் என்பது டிவி திரையில் எழுத்தாக வரும் தகவல் சேவை. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் படம் மறைந்து எழுத்துகள் வரும். மூன்று இலக்கத்தில் பக்க எண்ணைத் தட்டினால் அந்தப் பக்கம் தெரியும். ஒரு பக்கத்துக்கு 24 வரி, ஒரு வரிக்கு 40 எழுத்து. வானிலை, ரயில், விமான நேரம், பங்கு விலை, சந்தை நிலவரம், தலைப்புச் செய்தி எல்லாம் இப்படித்தான் வந்தன.

இதற்குத் தனிக் கம்பி இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. பழைய அனலாக் டிவியில் படம் 625 கோடுகளாக அனுப்பப்படும். அவற்றில் சில கோடுகள் படம் எதுவும் இல்லாமல் காலியாக ஓடும். அந்தக் காலி இடத்தில் எழுத்துத் தகவலை ஏற்றி அனுப்பினார்கள். வயலில் நெல் போட்டு வரப்பில் உளுந்து ஊன்றுவது போல, படத்துக்குப் போட்ட பாதையிலேயே ஓரமாக இன்னொரு விளைச்சல்.

எல்லாப் பக்கங்களும் ஒன்றன் பின் ஒன்றாகச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். நீங்கள் கேட்ட பக்கம் வரும் வரை சில விநாடிகள் காத்திருக்க வேண்டும். அது ஒன்றுதான் குறை. மற்றபடி ஒருவர் பார்த்தாலும் ஒரு கோடிப் பேர் பார்த்தாலும் வேகம் குறையாது. மாதக் கட்டணம் இல்லை. உங்கள் செல் எண்ணைக் கேட்காது. ஊர்ப் பொது இடத்தில் எழுதி வைத்த கரும்பலகை எப்படியோ, அப்படித்தான் அது டிவிக்குள் இருந்தது.

தொடக்கமும் முடிவும்

உலகின் முதல் டெலிடெக்ஸ்ட் சேவை பிரிட்டனின் பிபிசி 1974 செப்டம்பரில் தொடங்கிய சீஃபாக்ஸ். அதற்கு அடுத்த ஆண்டுதான், 1975 ஆகஸ்ட் 15 அன்று, சென்னை தொலைக்காட்சி நிலையமே தொடங்கியது. சிங்கப்பூரில் 1983-ல் டெலிடெக்ஸ்ட் வந்தது. அங்குள்ள நம்மவர்கள் விமானம் வந்து சேரும் நேரத்தையும் பங்கு விலையையும் டிவியிலேயே பார்த்துக்கொண்டார்கள். நம் தூர்தர்ஷனும் 1985-ல் டெல்லியில் 'இன்டெக்ஸ்ட்' என்ற பெயரில் இதைத் தொடங்கியது. ஆனால் டெலிடெக்ஸ்ட் பார்க்க அதற்கான கருவி பொருத்திய டிவி வேண்டும். கருப்பு வெள்ளை டிவியே பெரிய விஷயமாக இருந்த அந்தக் காலத்தில் இது கிராமத்து வீடுகளை எட்டவில்லை.

பிறகு ஒளிபரப்பு டிஜிட்டலுக்கு மாறியது. அனலாக் ஒளிபரப்பு நின்றால் அதன் காலிக் கோடுகளில் ஓடிய டெலிடெக்ஸ்டும் நின்றுவிடும். வேறு ஏற்பாடு செய்தால்தான் அது தொடரும். பிரிட்டனில் 2007-ல் தொடங்கி ஒவ்வொரு பகுதியாக அனலாக்கை நிறுத்தி வந்தார்கள். 2012 அக்டோபர் 23 அன்று கடைசிப் பகுதியும் நின்றபோது, 38 ஆண்டு ஓடிய சீஃபாக்ஸும் முடிந்தது. சிங்கப்பூர் சேவை 2013 செப்டம்பர் இறுதியில் நின்றது. அயர்லாந்து 1987 முதல் நடத்திவந்த ஏர்டெல் என்ற சேவையை 2023-ல் மூடியது. ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகள் டிஜிட்டலிலும் அதைத் தொடர்கின்றன. ஆகவே, புதிய தொழில்நுட்பம் வந்தால் பழையது செத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தொடர வேண்டும் என்று முடிவு செய்த இடத்தில் தொடர்கிறது.

நம் நாட்டிலும் அனலாக் டிவி கோபுரங்களுக்கு அதே கதைதான். ஏறத்தாழ 50 முக்கிய இடங்கள் தவிர மற்ற அனலாக் தரைவழி ஒளிபரப்பிகளை 2022 மார்ச் 31-க்குள் நிறுத்தப் போவதாகப் பிரசார் பாரதி அறிவித்தது. வீட்டு மாடியில் ஆன்டெனா கட்டி, பைசா செலவில்லாமல் 'வயலும் வாழ்வும்' பார்த்த வழி அத்தோடு போனது. இப்போது டிடி தமிழ் பார்க்க கேபிளோ, டிஷ்ஷோ, செல்போன் டேட்டாவோ வேண்டும்.

நின்றது தகவல் அல்ல, வழி

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சீஃபாக்ஸ் நின்றதால் பிரிட்டனில் வானிலைக் கணிப்பு நின்றுவிடவில்லை. அது வேறு இடத்தில் தயாராகிக்கொண்டுதான் இருந்தது. வீட்டுக்கு வந்து சேரும் வழி மட்டும் அடைபட்டது. வேறு வழி தெரிந்தவர்கள் அதற்கு மாறிக்கொண்டார்கள். அந்த ஒன்றை மட்டும் பழகியிருந்தவர்களுக்குத்தான் சிரமம். பொதுவாக அவர்கள் வயதானவர்களாகவும் இன்டர்நெட் வசதி இல்லாதவர்களாகவும் இருப்பார்கள்.

நம் ஊருக்கும் இது பொருந்தும். ஏரி ஒன்றுதான், வயலுக்குப் போகும் வாய்க்கால் ஒன்று தூர்ந்தால் இன்னொரு மதகைத் திறந்து பாய்ச்சுவோம். தகவல் விஷயத்திலும் ஏரி எங்கே இருக்கிறது, மதகுகள் எத்தனை என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

2024-ல் மூடிய பிரிவுகள்

இந்திய வானிலை ஆய்வுத் துறை 'கிராமின் கிருஷி மௌசம் சேவா' என்ற திட்டத்தில் விவசாயிகளுக்கு வானிலை சார்ந்த அறிவுரைகளை வழங்குகிறது. வேளாண் காலநிலை மண்டலத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நாடு முழுவதும் 130 கள அலகுகள் இதற்காக இயங்குகின்றன. ஒரு மண்டலம் என்பது பல மாவட்டங்கள் சேர்ந்த பெரிய பரப்பு. அதனால் வட்டார அளவில் இன்னும் நெருக்கமாகச் சொல்ல வேண்டும் என்று, 2018 முதல் வேளாண் அறிவியல் நிலையங்களில் மாவட்ட வேளாண் வானிலைப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. 530 பிரிவுகள் அமைப்பது திட்டம். 199 அமைக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு தொழில்நுட்ப வல்லுநர், ஒரு வானிலைப் பதிவாளர் என இரண்டு பேர்.

இந்த 199 பிரிவுகளும் 2024-ன் தொடக்கத்தில் மூடப்பட்டன. வானிலைத் தரவு தானாகவே பதிவாகிறது, அறிவுரையையும் கணினி தயாரிக்க முடியும், தனி ஆள் எதற்கு என்பது மூடச் சொன்னவர்களின் வாதம். டெலிடெக்ஸ்டை மூடியபோதும் ஏறக்குறைய இதே வாதம்தான்: எல்லாம் இன்டர்நெட்டில் இருக்கிறதே!

கணினி மழை அளவைச் சொல்லும். ஆனால் 'உங்கள் வட்டாரத்தில் இப்போது சம்பா பூக்கும் நிலையில் இருக்கிறது, இரண்டு நாளைக்கு மருந்து வேண்டாம்' என்று சொல்ல, வயலைப் போய்ப் பார்த்த ஆள் வேண்டும். விரிவாக்கப் பணியில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். அந்த இரண்டு பேர் செய்த வேலையில் ஒரு பங்கை இனி நாம்தான் ஊருக்குள் செய்துகொள்ள வேண்டும்.

நம் பகுதிக்கு ஏரி எங்கே?

சிங்கப்பெருமாள் கோவில் பகுதி விவசாயிகளுக்கு ஒரு நல்ல செய்தி. நமது தகவல் பிறக்கும் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. தாம்பரம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் மறைமலை நகர், காட்டாங்கொளத்தூர், அடுத்தது பொத்தேரி. அதற்கு அருகில் காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வளாகமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. தமிழ்நாட்டின் ஏழு வேளாண் காலநிலை மண்டலங்களில் நாம் வடகிழக்கு மண்டலத்தைச் சேர்ந்தவர்கள். இந்த மண்டலத்துக்கான கள அலகு காட்டுப்பாக்கத்தில்தான் அமைந்தது. மூடப்பட்டவை மாவட்டப் பிரிவுகள். மண்டலக் கள அலகுகள் அந்த உத்தரவில் வரவில்லை.

வானிலை அறிவுரை அறிக்கை வாரம் இரண்டு முறை, செவ்வாயும் வெள்ளியும் வெளியாகும். அடுத்த ஐந்து நாள் மழை, அதிக, குறைந்த வெப்பநிலை, மேகமூட்டம், காற்றின் ஈரப்பதம், காற்றின் வேகம், திசை ஆகியவை அதில் இருக்கும். அதற்கேற்ப பயிருக்கும் கால்நடைக்கும் செய்ய வேண்டியவையும் இருக்கும்.

மதகுகள் எத்தனை?

* செல்போன் செயலி: 'மேகதூத்' செயலியில் மாவட்ட வாரியாக வானிலையும் பயிர் அறிவுரையும் வரும். 'உழவன்' செயலியில் வானிலையுடன் சந்தை விலை, மானியத் திட்டங்கள், விதை, உர இருப்பு ஆகியவற்றையும் பார்க்கலாம். இரண்டுக்கும் இன்டர்நெட் வேண்டும்.

* தொலைபேசி: கிசான் கால் சென்டர், 1800-180-1551. கட்டணம் இல்லை. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம். சாதாரண பட்டன் போன் போதும்.

* வானொலி: வேளாண் நிகழ்ச்சியும் வானிலை அறிக்கையும் வரும். பேட்டரி போட்ட ஒரு சிறிய ரேடியோ போதும். டேட்டாவும் வேண்டாம், கரன்ட்டும் வேண்டாம்.

* நேரில்: வட்டார வேளாண்மை விரிவாக்க மையம், உங்கள் ஊருக்கான உதவி வேளாண்மை அலுவலர், காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம்.

இவற்றில் குறைந்தது இரண்டையாவது பழகிக்கொள்ளுங்கள். அந்த இரண்டில் ஒன்று இன்டர்நெட் இல்லாமல் இயங்குவதாக இருக்கட்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல். இரண்டு முறையும் மின்சாரமும் செல்போன் சேவையும் பல இடங்களில் முடங்கின. தகவல் எப்போது மிக அவசரமாகத் தேவைப்பட்டதோ, அப்போதுதான் செயலி கையில் இருந்தும் பயன்படவில்லை.

வானொலியை லேசாக நினைக்க வேண்டாம். 1960-களில் தஞ்சைப் பகுதியில் ஆடுதுறை 27 நெல் ரகத்தைத் திருச்சி வானொலி வீடுவீடாகக் கொண்டு சேர்த்தது. விவசாயிகள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். விதையின் பெயரையே மாற்றும் அளவுக்கு அந்த வழி பலித்தது.

ஊருக்கு ஒரு பலகை

செயலி எல்லார் வீட்டிலும் இருக்காது. இருந்தாலும் எல்லாரும் பார்ப்பதில்லை. நம் பகுதியில் பகலில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டு, காலையிலும் மாலையிலும் வயலைப் பார்ப்பவர்கள் பலர். அவர்களுக்கு ஒரே பார்வையில் தெரிகிற இடம் வேண்டும். டெலிடெக்ஸ்ட் செய்த வேலையை ஊரில் ஒரு கரும்பலகை செய்ய முடியும்.

இதற்குப் பக்கத்திலேயே முன்மாதிரி உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரி கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வரும் அலை உயரக் கணிப்பை மையத்தில் எடுத்து, ஒலிபெருக்கியில் ஊருக்கே அறிவித்தார்கள். கம்ப்யூட்டர் ஊருக்கு ஒன்றுதான். தகவல் எல்லார் காதுக்கும் போனது. உழவர் சந்தை விலைப் பலகையும் இதே முறைதான்.

உங்கள் ஊரில் காலையும் மாலையும் ஆட்கள் கூடும் இடம் எது? பால் சங்கமா, ரேஷன் கடையா, கூட்டுறவுச் சங்கமா? அங்கே ஒரு கரும்பலகை வையுங்கள். செவ்வாய், வெள்ளி மாலையில் அறிக்கையைப் பார்த்து எழுதும் பொறுப்பை உழவர் உற்பத்தியாளர் குழுவில் ஒருவரோ, மகளிர் குழுவில் ஒருவரோ, பள்ளிப் பிள்ளையோ ஏற்கலாம். ஐந்து வரி போதும்: தேதி, ஐந்து நாள் மழை, காற்று, பயிருக்கு ஒரு அறிவுரை, மாட்டுக்கு ஒரு அறிவுரை. எங்கிருந்து எடுத்தது என்பதையும் கீழே எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய புயல் செய்தியைப் பலகையில் ஏற்றாதீர்கள்.

அறிக்கையைப் படிப்பது எப்படி?

'ஓரிரு இடங்களில் மழை' என்றால் அந்தப் பரப்பில் கால் பங்கு இடத்துக்குள் மட்டுமே மழை எதிர்பார்க்கப்படுகிறது என்று பொருள். 'பெரும்பாலான இடங்களில்' என்றால் முக்கால் பங்குக்கு மேல். முதல் வகை என்றால் வானத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். இரண்டாவது என்றால் நெல்லைக் களத்தில் விடாதீர்கள்.

24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை. 12 முதல் 20 வரை மிக கனமழை. 20-க்கு மேல் அதி கனமழை. எச்சரிக்கை நிறங்களில் மஞ்சள் என்றால் கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள். சிவப்பு என்றால் உடனே செயலில் இறங்குங்கள்.

இதை வைத்துச் செய்ய வேண்டியவை எளியவை. மழை வரும் என்றால் யூரியா மேலுரம் போடுவதையும் மருந்து அடிப்பதையும் தள்ளி வையுங்கள். கரைந்து ஓடுவது உங்கள் பணம். பலத்த காற்று என்றாலும் தெளிப்பு வேண்டாம். கனமழைக்கு முன்பே வடிகாலைத் திறந்து விடுங்கள். முற்றிய கதிர் என்றால் மழைக்கு முன் அறுப்பதா, பின் அறுப்பதா என்று இயந்திரம் கிடைப்பதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை கொண்டு போகும் முன் அங்கே தார்ப்பாயும் இடமும் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மூடும்போது கேளுங்கள்

ஒரு சேவை மூடப்படுவதைத் தடுக்க நம்மால் எப்போதும் முடியாது. எப்படி மூடுகிறார்கள் என்று கேட்க முடியும். எந்தத் தேதியில் நிற்கிறது, இதற்குப் பதில் எது, பட்டன் போன் வைத்திருப்பவர் எங்கே கேட்பது, பழைய மழைப் பதிவுகள் எங்கே கிடைக்கும் என்ற நான்கு கேள்விகள் போதும். கலெக்டர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இதை மனுவாகவே கொடுக்கலாம். கிராம சபையில் தீர்மானமாகவும் கொண்டு வரலாம். உரம் வரவில்லை என்றால் கேட்கிறோம், கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் கேட்கிறோம். தகவலும் விவசாயத்துக்கு ஒரு இடுபொருள்தான்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு ஊரிலும் வானிலைத் தகவல் எந்த வழியில் போகிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஒரே ஒரு வாட்ஸ்அப் குழுவை மட்டும் நம்பியிருக்கும் ஊர் எது என்று பாருங்கள். முதல் பலகை அங்கே வரட்டும்.

விவசாயிகள் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. 1800-180-1551 என்ற எண்ணைச் செல்போனில் மட்டும் பதியாமல், வீட்டில் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்துச் சுவரில் எழுதி வையுங்கள். வரும் செவ்வாய்க்கிழமை மாலை ஒரு முறை கூப்பிட்டு, உங்கள் வட்டாரத்துக்கு ஐந்து நாள் வானிலை என்ன என்று கேட்டுப் பாருங்கள். மழைக்காலத்துக்கு முன்பே ஒரு வழி பழகியிருக்கும்.